முனீஸ்வரனுக்கு வைத்த சுருட்டு

குமரேசனுக்கு உலகத்தில் யாரிடமும் பயம் கிடையாது, வரப்போகிற சம்பந்தியைத் தவிர. ஊரப்பாக்கத்தில் நெல் விளைவித்த குடும்பம். இப்போது அதே நிலத்தில் நான்கு கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். பேசினால் தெருமுனை வரை கேட்கும். அப்பேர்ப்பட்டவர் மகள் அனுப்பிரியாவின் நிச்சயதார்த்தத்தன்று வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே மாப்பிள்ளையின் அப்பா ஷ்யாம்சுந்தர். நாவலூரில் பதினாலாவது மாடியில் வீடு, கப்பல் கம்பெனியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனுஷன் கெட்டவரில்லை. ஆனால் எதைச் சொன்னாலும் "அப்படியா, சந்தோஷம்" என்று பேங்க் மேனேஜர் மாதிரி சிரிப்பார். ஒன்றும் தெரியாத குடும்பம் என்று நினைத்துவிட்டால், நாளைக்கு அந்த வீட்டில் தன் பெண் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்குமே என்று குமரேசனுக்கு ராத்திரி தூக்கம் சரியில்லை.

போன வாரம்தான் ஷ்யாம்சுந்தர் அந்தச் சுருட்டைக் கொடுத்தார். கண்ணாடித்தாள் சுற்றி, தங்க நிறப் பட்டை கட்டி, கட்டைவிரல் தடிமனில் ஒன்றே ஒன்று.

"நிகராகுவா சுருட்டு, குமரேசன் சார். ஃபுல் பாடி, நல்லா கனமா இருக்கும். வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன், ரெண்டு பேரும் சேந்து பத்த வைப்போம். லெதர், கோகோ, செடார்னு ஒவ்வொரு ருசியா வரும். உங்களுக்கு என்ன வருதுன்னு நீங்க சொல்லணும்."

பரீட்சைதான், வேறென்ன? லெதரை யாராவது தின்று பார்த்திருக்கிறார்களா? குமரேசன் சுருட்டை இரண்டு கையாலும் வாங்கி, வீட்டில் நல்ல பொருளை வைக்கும் இடம் எதுவோ அங்கேயே வைத்தார். சாமி அலமாரியில்.

அங்கேதான் வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை முனீஸ்வரனுக்கு ஆடிப் படையல். குமரேசன் குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தால் கற்பூரமும் இல்லை, ஊதுவத்தியும் இல்லை, சுருட்டும் இல்லை. மனைவி சாமுண்டீஸ்வரி எல்லாவற்றையும் வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சம்பந்தி வண்டலூர் சிக்னலில் நிற்கிறாராம், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாராம். நேரே கோயிலுக்கு வரச் சொல்லிவிட்டு, குமரேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

போச்சு! எட்டடி உயர முனீஸ்வரன் முறுக்கு மீசைக்குக் கீழே நிகராகுவா சுருட்டை வைத்து ஜம்மென்று புகைவிட்டுக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ! இன்னாடி பண்ணி வச்சிகீற?"

"ஏன் கத்துற? சாமி அலமாரில நீதான வச்ச? இந்த வருசம் சாமிக்கு ஒசத்தியா வாங்கியாந்து கீறயேன்னு சந்தோசமா எட்தாந்தேன்."

"அது சம்பந்தி குட்த்தது!"

சாமுண்டீஸ்வரியின் முகம் சுண்டிவிட்டது. பூசை செய்துகொண்டிருந்த பங்காளி பாலு பதறிப்போய், "எட்த்துடட்டா அண்ணா?" என்று கையை நீட்டினான்.

"அடச்சீ, சாமி வாயிலேர்ந்து புடுங்குவியா? கம்னு இரு."

கார் வந்து நின்றது. ஷ்யாம்சுந்தர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அண்ணாந்து பார்த்தார். சுருட்டின் தங்க நிறப் பட்டையைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. குமரேசன் முந்திக்கொண்டு கையைக் கூப்பினார்.

"தப்பு எங்க மேலதான் சம்பந்தி. சாமி அலமாரில வச்சேன், படையலுக்குன்னு நெனச்சி வூட்ல எட்தாந்துட்டாங்க."

ஷ்யாம்சுந்தர் சிலைக்கு இன்னும் கிட்டே போய் நின்று பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எவ்வளவு நிதானமா எரியுது பாருங்க. சுருட்டை இப்படித்தான் பிடிக்கணும். எனக்கு இந்தப் பொறுமை வந்ததே இல்ல."

கிண்டலா, கோபமா என்று குமரேசனுக்குப் பிடிபடவில்லை. கற்பூரம் காட்டி முடிந்ததும், வழக்கப்படி பாலு சுருட்டை இறக்கி, திருநீறோடு வீட்டுத் தலைவரான அவர் கையில் கொடுத்தான். படைத்தது பிரசாதம், பங்கு போட்டே ஆக வேண்டும். பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

"வெறும் வயித்துல வேணாம், தலை சுத்தும்" என்றார் ஷ்யாம்சுந்தர். ஆகவே முதலில் இலை போட்டார்கள். ஆட்டுக்கறிக் குழம்பும் கருவாடும் மொச்சையுமாக இருவரும் வயிறு புடைக்கச் சாப்பிட்டு, வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அணைந்துபோன சுருட்டை மறுபடி பற்றவைத்தார்கள்.

"நெஞ்சுக்குள்ள இழுக்காதீங்க சார். வாயில வச்சு உருட்டி வெளிய விடுங்க."

குமரேசன் கண்ணை மூடிக்கொண்டார். புகை பாலாடை மாதிரி நாக்கில் கெட்டியாகப் படிந்தது. அடடா! பயமெல்லாம் ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டது.

"மொதல்ல மெளகு, நாக்கு ஓரத்துல சுருக்குனு. அப்பால கருப்பட்டி காச்சும்போது அடியில புடிக்குமே, அந்தக் காந்தல். இரு இரு, நெல்லு அவிக்கிற அண்டாலேர்ந்து ஆவி வரும் பாரு, அதுவும் கீது. இப்போ மாட்டுக் கொட்டாய்ல காஞ்ச வக்கோலு..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். சம்பந்தியை வேறு 'இரு இரு' என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். கெட்டது குடி.

ஷ்யாம்சுந்தர் சுருட்டை வாங்கி ஓர் இழுப்பு இழுத்தார். வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"வைக்கோல்" என்றார். "ஆமா சார், வைக்கோல்தான். அடியில கருப்பட்டி." கையிலிருந்த சுருட்டையே பார்த்தார். "ஒம்பது வருஷமா பிடிக்கிறேன். லெதர், கோகோ எல்லாம் பெட்டியோட வர்ற சீட்டுல போட்டிருக்கும். மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பேன். புகையைத் தவிர எனக்கு ஒரு நாளும் எதுவும் தெரிஞ்சதில்ல. இன்னைக்குத்தான் தெரியுது."

"அப்பறம் எதுக்கு அப்டி சொன்னீங்க?"

"கப்பல் கம்பெனியில எல்லாரும் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் தெரியலன்னா மட்டமா நினைப்பாங்களேன்னு பயம்."

குமரேசன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு, மனதில் கிடந்ததைக் கேட்டே விட்டார்.

"எம் பொண்ணு நாளைக்கி உங்க வூட்ல, தெரியாதத தெரியலன்னு சொல்லலாமா சம்பந்தி?"

ஷ்யாம்சுந்தர் சாம்பலைத் தட்டிவிட்டு அவரை நேராகப் பார்த்தார்.

"தாராளமா சொல்லட்டும் சார். அவ சொன்னா எனக்கும் தைரியம் வந்து, நானும் சொல்லிடுவேன்."