படம் உள்பக்கம்

அப்பாவின் ஒர்க்‌ஷாப்புக்குச் சவுக்குக் கழி நட்டு, மேலே தகரமும் போட்டாயிற்று. சுற்றி எதை வைத்து அடைப்பது என்பதுதான் பாக்கி. அப்பா பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். ஒலக்கூர் பக்கம் கொல்லைகளில் எரிந்துபோகிற மோட்டார்கள் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். இத்தனை நாள் வேப்பமரத்தடியிலேயே வேலை பார்த்தார். சாரல் பட்டால் புதுக் காயிலும் வீண்.

கீற்று வைத்தால் எலி வரும் என்று அப்பா திண்டிவனத்துக்கு ஷீட் பார்க்கப் போனார். என்னையும் கூட்டிப்போனார். நான் பச்சையைக் காட்டினேன். மண்ணுக்குள் கடலை பிடிக்கிற மல்லாட்டைச் செடியின் பச்சை. வாங்கிவந்தது, வீட்டுப் பக்கம் வழி விட்டும், மூன்று பக்கத்துக்குத்தான் வந்தது. ரோட்டுப் பக்கம் திறந்தே கிடந்தது.

அம்மா பரணிலிருந்து அந்தச் சுருளை இறக்கினாள். என் மஞ்சள் நீராட்டு பேனர். ஒன்பதாவது படிக்கும்போது மாமா அடித்துக் கொடுத்தது. தலையில் கிரீடத்தோடு நான், மேலே பெரிய எழுத்தில் ‘தமிழ்மொழி’ என்று என் பெயர், சுற்றிலும் வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்களின் முகங்கள். பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்தார்கள். மறுநாளே எனக்கு யாரோ மீசை வரைந்துவிட்டார்கள். வகுப்பில் வெற்றிச்செல்வன் என்னை ‘பேனரு’ என்று கூப்பிட்டான். பிறகு எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டேன். வீட்டில் வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன்.

அம்மா மீசையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள். “கெட்டி ஃப்ளெக்ஸுடி. ஒரு சொட்டு எறங்காது.”

“வேணாம்மா. ரோட்ல போறவங்கெல்லாம் பாத்துக்கினு போவாங்க.”

“பாத்தா என்னா? ஊரே பாத்த மூஞ்சிதான.”

அப்பாவிடம் போனேன். படத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னேன். அவர் உடனே சரி என்றார். வெள்ளைப் பக்கம் வெளியே இருந்தால் ‘மோட்டார் காயில் கட்டப்படும்’ என்று எழுதிக்கொள்ளலாமாம்.

கட்டி முடித்ததும் ரோட்டில் நின்று பார்த்தேன். வெறும் வெள்ளை. உள்பக்கம் என்றால் யாரும் பார்க்காத பக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆட்கள் வந்து போகிற இடம் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஒருநாள் அம்மா களையெடுக்கப் போயிருந்தாள். டீயை நான்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. மோட்டார் கொண்டுவருகிறவர்கள் காத்திருக்க அப்பா ஒரு பெஞ்சு போட்டிருந்தார். அதற்கு நேர் எதிரே நான், கிரீடத்தோடு. ரோட்டில் போகிறவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே வருகிறவர்கள் காயில் கட்டி முடிகிறவரை உட்கார்ந்திருப்பார்கள்.

பெஞ்சில் வெற்றிச்செல்வன் இருந்தான். அவன் வீட்டு மோட்டாரைத்தான் அப்பா பிரித்துப் போட்டிருந்தார். அவன் படத்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

“பேனரு இன்னும் அப்பிடியே கீது,” என்றான்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்க பொண்ணு யோசனதாம்பா. வெளிய பாத்தாப்ல கட்டியிருந்தா ஆறு மாச வெயில்ல மூஞ்சி வெளுத்துப் பூடும். இங்க நெழலு. பத்து வருஷமானாலும் ஒண்ணும் ஆவாது.”

வெற்றிச்செல்வன் தலையை ஆட்டிக்கொண்டான். டீயைக் கொடுத்துவிட்டு, காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போவதற்காக நான் நின்றேன். அவன் படத்தைப் பார்த்தபடி ஊதி ஊதிக் குடித்தான்.