மாதம் ஒரு மூட்டை

ஏழாவது மூட்டையும் வாசலில் வந்து இறங்கியிருந்தது. பறவைகளுக்குப் போடும் சூரியகாந்தி விதை, இருபது பவுண்டு. மேலே டாரீனின் கணவர் வெண்டல் ஹாகனின் பெயர். வெண்டல் இறந்து ஐந்து மாதமாகிவிட்டது.

மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி செல்போனில் அவர் கடைசியாக வாங்கியது அது. 'ஒருமுறை' என்பதை விட்டு 'மாதாமாதம்' என்பதை அழுத்திவிட்டார். நாற்பது வருடம் லாரி ஓட்டித் தடித்துப்போன விரல்கள். "சீக்கிரம் நிறுத்திடு டாரீன். நம்ம டுலூத் ஊர்ல இருக்கற குருவியெல்லாம் பறக்க முடியாம நடக்கப்போகுது" என்று சிரித்தார்.

டாரீன் செல்போனில் அந்தக் கடையின் பக்கத்தை இன்றும் திறந்து பார்த்தாள். நிறுத்துவதற்குக் காரணம் கேட்டது. 'விலை அதிகம்.' 'இனித் தேவையில்லை.' 'தவறுதலாக வாங்கியது.' எல்லாம் கொஞ்சம் உண்மை. எதிலும் விரல் வைக்க முடியவில்லை. மூடிவிட்டாள்.

விதை சேரச் சேர, அதைப் போட ஒரு தீனிப்பெட்டி வாங்கினாள். பிறகு கேமரா வைத்த இன்னொன்று. பறவை வந்து உட்கார்ந்ததும் படம் எடுத்து, இன்னார் வந்திருக்கிறார் என்று பெயரோடு செல்போனுக்கு அனுப்பிவிடும். அலுவலகத்தில், மருந்துக்கடை வரிசையில், பல் துலக்கும்போதுகூட அவளுக்கு யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். கால் நொண்டும் நீலப் பறவை ஒன்று செவ்வாய்க்கிழமைகளில் ஏன் வருவதில்லை என்பதுதான் இப்போது அவளுடைய பெரிய யோசனை.

எதிர்வீட்டு மார்சி, வெண்டலின் தங்கை, பனியை மிதித்துக்கொண்டு வந்தாள்.

"இது கராஜா, தானியக் கிடங்கா? காரை என்ன மரத்துல கட்டப்போறியா?"

"மூட்டைக்குப் பக்கத்துல இடம் இருக்கு."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. உருளைக்கிழங்கும் கறியும் அடுப்புல வச்சிருக்கேன். அஞ்சு மாசமா வாராவாரம் உன் தட்டை எடுத்து வச்சு, நீ வராம திருப்பி எடுத்து வச்சு எனக்கே வெக்கமா இருக்கு."

"எல்லாரும் எப்படி இருக்கன்னு கேப்பாங்க மார்சி."

"கேட்டா என்ன? நல்லாருக்கேன்னு பொய் சொல்லு. நாங்க மட்டும் என்ன, உண்மையா சொல்றோம்?" வாசல்வரை போய்த் திரும்பினாள். "இல்ல, குருவிங்களத்தான் நம்புவேன்னா அதுங்களையும் கூட்டிட்டு வா."

அவள் போனதும் டாரீன் கொக்கியில் தொங்கிய வெண்டலின் ஆரஞ்சு வேட்டைக் கோட்டை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள். பெட்டியைத் திறந்து, விதை நிரப்பி, மூடிவிட்டு வீட்டைச் சுற்றி முன்பக்கம் வருவதற்குள் கோட்டுப்பையில் செல்போன் அதிர்ந்தது.

'புது விருந்தாளி! யாரென்று தெரியவில்லை. பெயர் சொல்ல முடியுமா?'

திறந்தாள். சத்தமில்லாத பத்து நொடிப் படம். ஆரஞ்சுக் கோட்டின் தொப்பிக்குள் சிவந்த மூக்கு. மிக அருகில், ஈரமான பெரிய கண்கள். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

பேசிக்கொண்டா இருந்தேன்?

மறுபடி ஓடவிட்டாள். இது இன்று மட்டும்தானா, ஐந்து மாதமாகவா? யாரிடம்? படத்திலிருந்தவள் எதையோ பொறுமையாகச் சொல்லி, நிறுத்தி, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் தலையைச் சாய்த்தாள். மூன்றாவது முறை டாரீன் தன் உதடுகளையும் அதே மாதிரி அசைத்துப் பார்த்தாள். முதல் சொல் வாய்க்குள் வந்துவிடும்போல இருந்தது.

பெயருக்கான கட்டத்தில் சின்னக் கோடு மின்னி மின்னி மறைந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம், ஆவி படிந்த சமையலறைக் கண்ணாடியை மார்சி முழங்கையால் துடைத்துவிட்டு, ஒரு கையில் கரண்டியோடு, ஆரஞ்சுக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.