மதிப்பீட்டு நாற்காலி

லிங்கன் நகரத்துப் பழைய பணநோட்டுச் சந்தையில் இலவச மதிப்பீட்டு மேசைக்கு ஒரே ஒரு சட்டம்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நோட்டுக்கு விலை சொன்னவர், அந்த நோட்டை வாங்கக் கூடாது. அன்று காலை உட்கார்ந்திருந்தவள் வெர்லா ஹ்ருஸ்கா. லேலண்ட் என்கிற சோளக்காட்டு விவசாயி வந்து, ரொட்டி சுற்றும் பையிலிருந்து ஐந்து டாலர் நோட்டு ஒன்றை எடுத்து வைத்தான்.

அந்தக் காலத்தில் ஊர் வங்கிகள் தங்கள் பெயரைப் போட்டே நோட்டு வெளியிட்டன. வெர்லாவின் மாவட்டத்தில் அப்படிப் பதினோரு வங்கிகள். அவற்றில் பத்து வங்கிகளின் நோட்டுகளை அவள் சேகரித்துவிட்டாள். பிளம்ஹாலோ வங்கியின் நோட்டை மட்டும் யாருமே பார்த்ததில்லை. பத்தொன்பது வருடத் தேடல். இதோ, எதிரே கொட்டை எழுத்தில் பிளம்ஹாலோ!

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விலை சொல்ல வாயைத் திறந்தால் நோட்டு போச்சு. பக்கத்துக் கடையில் நோட்டுச் சேகரிப்பில் அவளுடைய பரம எதிரி ஆரின் ஸ்டாக் நின்றிருந்தார்.

"ஆரின், இந்த நாற்காலிய கொஞ்சம் பாத்துக்கயேன். காபி குடிச்சிட்டு வந்துடறேன்."

நுணலும் தன் வாயால் கெடும். ஆரின் உட்கார்ந்தார், நோட்டைப் பார்த்தார், கத்தியே விட்டார்.

"அடேயப்பா! பிளம்ஹாலோ! காசாளர் மையால போட்ட கையெழுத்து அப்படியே இருக்கு! தம்பி, ஆறாயிரம் டாலர், ஒரு காசு குறைக்காதே!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. வெர்லா காபிப் பக்கமே போகவில்லை; அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

"ஆறாயிரம். நான் எடுத்துக்கறேன்."

"ஐயோ, நான் சும்மா பேசிட்டிருந்தேன்! அது விலையே இல்ல!"

"நாற்காலில உக்காந்துதானே சொன்னே? சட்டம் சட்டம்தான்."

லேலண்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "ஐம்பது கிடைச்சாலே போதும்னு வந்தேங்க."

வெர்லாவிடம் இருந்ததோ மூவாயிரம். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஆரின், என் பிக்கப் வண்டி மூவாயிரம். வாங்கிக்கறியா?"

"பைத்தியமா உனக்கு? வீட்டுக்கு அறுபது மைல் எப்படிப் போவே?"

"நடந்து!"

ஆரின் நோட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இப்படி ஒரு நோட்டு கிடைத்தால் வாங்க அவரும் பையில் சுமந்து திரிந்த பணம் அது. முனகிக்கொண்டே எண்ணிக் கொடுத்தார்.

மாலையில் அவளை வீட்டில் விட அதே பிக்கப்பை ஆரின் ஓட்ட, வெர்லா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் தப்பும் தவறுமாகப் பாடினாள். பாதி வழியில் ஆரினும் சேர்ந்து பாடினார்.