க்ரீமில் எழுதிய பெயர்

பேக்கரிக்காரனுக்கு எப்போதும் வாய்தான் முந்தும். அன்றைக்குக் கையும் அதோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. பிறந்த மகளைப் பார்க்க உறவெல்லாம் வீட்டில் கூடியிருந்தது. யாரையும் கேட்காமல், அக்காவின் பெயரையே குழந்தைக்கு வைப்பதென்று தானாக முடிவுகட்டி, அதை ரோஸ் க்ரீமில் கேக்கின் மேல் வளைத்து வளைத்து எழுதிக்கொண்டுவந்து கூடத்தின் நடுவில் பெட்டியைத் திறந்தான். அக்கா உருகிப்போய் அழுவாள் என்று கைக்குட்டை வேறு தயாராக வைத்திருந்தான்.

அக்கா எட்டிப் பார்த்தாள். கத்தியை எடுத்தாள். எழுத்துகளை மட்டும் ஒரே இழுப்பில் வழித்துத் தட்டில் போட்டாள். "கடையில வேலை கிடக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

"என்னையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் மனைவி. "நாளைக்கு ஆஸ்பத்திரியில பேரு சொல்லியாகணும். அண்ணி மனசு நொந்த பேரு என் பிள்ளைக்கு வேணாம். போய்ப் பேசிட்டு வாங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான். "கேக்கை வெட்டுங்கப்பா, ஈ மொய்க்குது" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் ஈ என்று பேருக்கு ஒன்றுகூட இல்லை.

அக்காவின் தையல் கடைக்குள் நுழைந்தவனுக்கு நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்து விரலில் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான்.

"பேரு பிடிக்கலையாக்கா?"

மிஷின் கடகடத்தது. "அந்தத் திரைத்துணி நுனியப் பிடி."

பிடித்தான். "என் பொண்டாட்டி ஏதாவது சொன்னாளா?"

"அவ தங்கம்டா. உனக்குத்தான் அதிகம்."

"நான் ஏதாவது தப்பா..."

"நீ எதுதான் ஒழுங்கா செஞ்சிருக்க? துணிய இழுக்காத, தையல் கோணுது."

"பேருக்கு வெளிச்சம்னு அர்த்தமாம்க்கா. அம்மாதான் சொல்லுவா. நம்ம குடும்பத்துலயே நல்ல பேரு அது ஒண்ணுதான். என் பேரப் பாரு, கூப்பிட்டா நாய்கூட வராது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றும் போனது. மறுபடி மிஷினை ஓட்டினாள். இவன் துணி நுனியைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கும் மேஜைக்குமாக நடக்க, திரை முழுதும் தரையில் புரண்டது.

"கோவம்னா திட்டிடுக்கா. நாளைக்கு நான் என்ன பேரு சொல்றது?"

மிஷின் நின்றது. அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"எனக்கு முன்னாடி அம்மாவுக்கு ஒரு பொண்ணு இருந்தாடா. காய்ச்சல்ல போயிட்டா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்தா. அவ பேரத்தான் எனக்கு வச்சாங்க. அம்மா கூப்பிடுவா, நான் ஓடிப்போய் நிப்பேன். ஒரு நொடி என்னையே பார்ப்பா, வேற யாரோ வரவேண்டிய இடத்துல நான் வந்துட்ட மாதிரி. இன்னைக்கும் அப்படித்தான். உன் பொண்ணுக்கு அது வேணாம். புதுசா ஒரு பேரு வைடா. யாரும் வச்சுக்காத பேரு."