மூட்டையடித் தண்டு

நிலவேம்பு மூட்டையில் ஈரம் ஏறாமலிருக்க அடியில் தண்டைப் பரப்பி, மேலே இலையை அமுக்கிக் கட்டுவது வோனொகிரிப் பக்கத்து வழக்கம். அங்கேயே பிறந்து, இப்போது கம்பெனியில் சத்து அளக்கும் வேலையிலிருக்கும் ரத்மிக்கு இது தெரியாததல்ல. தண்டில் சத்து குறைவு; மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் எடுத்துக் கலந்துதான் நிலவேம்பின் கசப்புச் சத்தை அளக்க வேண்டும்.

"அடியில மட்டும் எடும்மா," என்றார் மருந்துக் கம்பெனி மேலாளர் ஹர்யோகோ. "போன தடவை எடுத்த கைதானே? இன்னிக்கு என்ன புதுசா முழிக்கிறே?"

போன தடவை மூட்டை யாருடையதோ. இன்று வாசல் பெஞ்சில் காத்திருப்பது பக்கத்து வீட்டுத் துகினெம் பெரியம்மா. இலை விற்றதும், காய்ச்சலில் கிடக்கும் கணவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வந்ததுமே சொல்லியிருந்தாள்.

வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ரத்மி மூட்டைகளின் அடித் தையலைப் பிரித்துக் கைவிட்டாள். தண்டாக வந்தது. அரைத்து, எரிசாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி இயந்திரத்துக்குக் கொடுத்தாள். அது பாவம், கொடுத்ததைத்தான் அளக்கும். திரையில் கோடு சோம்பலாகத் தலைதூக்கிப் படுத்துக்கொண்டது.

"சத்து பத்தலை. ரெண்டாந்தரம், பாதி விலைதான்," என்றார் ஹர்யோகோ வாசலில் நின்று.

துகினெம் ஓர் இலையை மென்று முகம் சுளித்தாள். "கசப்பு நாக்கைச் சுருட்டுதே சார்."

"நாக்கை வச்சா மருந்து செய்யுறோம்? மிஷின் சொல்லுது."

அவள் ரத்மியிடம் திரும்பினாள். "கண்ணு, நீயேவா பாத்தே?"

"ஆமா பெரியம்மா."

"அப்ப சரியாத்தான் இருக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவரு படுத்ததுல அறுப்பு தள்ளிப்போச்சு, பூ விட்டுடுச்சு, அதான் சத்து இறங்கியிருக்கும். உன்னையும் தலைகுனிய வச்சுட்டேன். ஊர்ல சொல்லிடாதடா."

"பெரியப்பாவுக்கு ஆஸ்பத்திரி?"

"பாதிக் காசுல எங்க போறது? இந்த இலையவே காச்சிக் குடுக்கலாம்னா, இதுலதான் சத்தே இல்லைங்கிறீங்களே."

ரத்மி குனிந்து, விரலில் ஒட்டியிருந்த தண்டுத் துகளைத் துடைத்தாள்.

துகினெம் தெருமுனை திரும்பியதும் ஹர்யோகோ கைதட்டினார். "எல்லாத்தையும் முதல்தரத்துல கொட்டுங்கப்பா!"

மூட்டைகளின் வாயைக் கட்டியிருந்தது துகினெமின் மெழுகுச் சாயம் போட்ட பழைய பாத்திக் துணிக் கிழிசல். ரத்மிதான் அவிழ்த்தாள். இலை அரைவைக்குள் விழ, பச்சைத் தூசு எழும்பியது. அரைவைக்காரன் இருமிக்கொண்டே சிரித்தான்.

"யப்பா, என்னா கசப்பு! முதல்தரம்னா இதுதான்."

கிழிசலைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு ரத்மி அடுத்த மூட்டைக்குக் குனிந்தாள். பிரித்த தையல் வழியே, அதன் அடித் தண்டில் அவள் அள்ளிய பள்ளம் அப்படியே தெரிந்தது.