கடைசி வரி வரைக்கும்

நாலாவது வரியில் இரண்டாம் எழுத்துக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். பல் தேய்க்கும் பிரஷ்ஷை ஒரு கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தை மேலே தூக்கினார்.

டீச்சர் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கத்திப் பிடியால் பலகையில் நாலு தட்டுத் தட்டினாள்.

"டி, ஓ, எஸ், பி" என்று அந்தத் தாளத்திலேயே கொட்டினார் அவர். பிறகு ஐந்தாவது வரி, ஆறாவது, ஏழாவது. மூச்சு விடாமல் முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"அச்சகத்துப் பேரு?" என்றாள்.

"அதை யாரு கேக்கப் போறா?"

"வசனம் சொன்னா அது எங்க இருக்குன்னும் சொல்லணும். சின்னப் பிள்ளைங்களே சொல்லுது."

அவர் சிரித்துக்கொண்டே, கண் பரிசோதனை அட்டையின் அடியோரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரையும் அதன் நாலு இலக்க எண்ணையும் சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார்.

டிப்போவில் அவருக்குப் பெயர் பதினேழு. பதினெட்டு வருடமாகப் பதினேழாம் நம்பர் பஸ்ஸைத்தான் ஓட்டுகிறார். அவளும் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்ல. பகலில் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறாள். கல்யாணமான புதிதில் அவர் கிண்டலாக டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தது, வீடு, தெரு, சபை என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது.

வலது கண்ணில் கோளாறு தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. கண்ணாடியில் யாரோ எண்ணெய்க் கட்டை விரலை வைத்து அழுத்தியதுபோல், பார்வையின் நட்டநடுவில் ஒரு மங்கல். ஓரமெல்லாம் தெரியும், நேராகப் பார்ப்பதுதான் தெரியாது. இது திரும்பாது, அடுத்த கண்ணையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிப்போவிலோ இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை. பஸ் ஓட்டுகிறவருக்கு இரண்டு கண்ணும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேறாவிட்டால் ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி இருந்தது. அதைவிட, பஸ் ஓட்டாத ஒரு மனிதராக அவரை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மருத்துவ அறைச் சுவரில் வருடக்கணக்காக ஒரே அட்டைதான் தொங்குகிறது என்று சொன்னது அவர். லீவு விண்ணப்பம் கொடுக்கப் போன சாக்கில் அதைப் போனில் படமெடுத்து வந்ததும் அவர்தான். ஆனால் படத்தைப் பெரிதாக்கி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத்தெழுத்தாக எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியது அவள். மூன்று வயதுப் பிள்ளையின் நாக்கில்கூட வசனத்தை ஏற்றிவிடுகிற கை அது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாளம். பத்தே நாளில் அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

போன வாரம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஒரு நிறுத்தத்தில், எதிர்வெயிலில் இடது கண் கூசிய நேரத்தில், குடை பிடித்த பெரியவர் ஒருவர் ரோட்டில் இறங்கி நின்றிருக்கிறார். "குடை தெரிஞ்சுது டீச்சர். குடைக்குக் கீழ ஆளைக் காணோம்" என்றார். கடைசி நொடியில் தலையை லேசாகத் திருப்பியதால் ஆள் தெரிந்து பிரேக் போட்டிருக்கிறார். பெரியவர் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறினாராம். அன்றைக்கு அவள் முழங்காலில் நின்று, ஒன்றும் ஆகாமல் காத்தீரே ஆண்டவரே என்று நன்றி சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து, ஆறாவது வரியை இன்னொரு தடவை கேட்டாள்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும், சபைக்குப் பின்னால் இருக்கும் அறையில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வார மனப்பாட வசனம், சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய இரவில் இயேசு தோட்டத்தில் தனியாக வேண்டிக்கொண்டது. தமக்கு வேண்டியதைத் தயங்காமல் கேட்டுவிட்டு, அது என் விருப்பம், ஆனால் உம்முடைய சித்தப்படியே நடக்கட்டும் என்று பிதாவின் கையில் விட்டுவிடுகிற இடம். வகுப்பிலேயே அதிகம் பேசுகிறதால் வாயாடி என்று பெயர் வாங்கிய ஆறு வயதுக்காரி முதல் ஆளாக எழுந்தாள். கண்ணை இறுக மூடினாள். முகத்தை மேலே தூக்கினாள். ஒரே மூச்சில் வசனத்தையும் அதிகாரத்தையும் கொட்டிவிட்டு, கண் திறக்கும் முன்பே கையை நீட்டினாள்.

டீச்சர் நட்சத்திர ஸ்டிக்கரை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இதே முகத்தை, இதே மூடிய கண்ணை அவள் பத்து நாளாகச் சமையலறை வாசலில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன சொன்னேன்னு புரிஞ்சுதா கண்ணு?"

"புரியல டீச்சர். ஆனா தப்பில்லாம சொல்லிட்டேன்ல? ஸ்டிக்கர் குடுங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்து ஸ்டிக்கரைக் கொடுத்தாள். உமது சித்தம் ஆகட்டும் என்று ஏழு மாதமாகத் தினம் இரண்டு வேளை சொல்கிறாள். கூடவே, அதே அட்டை இருக்கட்டும், நர்ஸ் அவசரத்தில் இருக்கட்டும், அவர் தடுமாறாமல் இருக்கட்டும் என்று வரிசையாகக் கேட்டும் இருக்கிறாள். தப்பில்லாமல்தான் சொல்லியிருக்கிறாள்.

அன்று மதியம் அவருடைய சீருடைச் சட்டையை மேசைமேல் விரித்து இஸ்திரி போட்டாள். முதலில் கழுத்துப் பட்டி, பிறகு தோள், பிறகு கை. கடையில் ஒரு சட்டைக்கு நாலு நிமிடம். இதற்கு மட்டும் அவள் கணக்கு வைப்பதில்லை. அவர் எதிரே உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டே, கேட்காமலே, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

"போதுங்க" என்றாள்.

"ஏன், தப்பா?"

"தப்பில்ல. எல்லாம் சரியாத்தான் சொல்றீங்க." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஃப்ரிட்ஜுக்குப் போனாள். காந்தத்தை எடுத்து, காலண்டர் தாளை நாலாக மடித்து அவர் முன்னால் வைத்தாள். "இது உங்ககிட்ட இருக்கட்டும். இனிமே நான் கேக்க மாட்டேன்."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "நாளைக்குப் பரீட்சை. இன்னைக்கு டீச்சர் ஸ்ட்ரைக்கா?"

"சாமிகிட்ட நீரே பாத்துக்கும்னு சொல்லிட்டு, பதிலையும் நானே எழுதிக் குடுத்துட்டேங்க. அவர் கையெழுத்து மட்டும் போட்டா போதும்னு."

"அவர் சித்தம் நான் வீட்ல உக்காரணும்னு இருந்தா?" குரல் உயரவில்லை. ஊசி மட்டும் வாரில் நின்றுவிட்டது. "பதினெட்டு வருஷம், டீச்சர். எனக்கு வேற என்ன தெரியும்?"

"எனக்கும் தெரியல. அதான் பயமா இருக்கு." அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "ஆனா அந்தக் குடைக்காரர் வீட்லயும் ஒருத்தி இருப்பாள்ல. அவளும் அன்னைக்குக் காலைல ஜெபம் பண்ணிட்டுத்தானே அவரை அனுப்பியிருப்பா?"

அவர் ஊசியை வாரிலிருந்து உருவி மேசையில் வைத்தார்.

"உங்களை இதைச் செய்யுங்க, அதைச் செய்யுங்கன்னு நான் சொல்லல. அதையும் விட்டுட்டேன். நீங்க எதைச் செஞ்சாலும் உங்க பக்கத்துலதான் இருப்பேன். இனிமே தட்டிக் குடுக்க மட்டும் மாட்டேன்."

எழுந்துபோய்ச் சட்டையின் இரண்டாவது கையை மடிப்புக் கலையாமல் தேய்த்து முடித்தாள். அவர் செருப்பைத் தரையில் வைத்தார். பிறகு காலண்டர் தாளை எடுத்து, அவள் தேய்த்துவைத்த சட்டையின் பையில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டதைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்த பலம், ஒரு நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டி தூக்குவதைவிட அதிகம்.

திங்கட்கிழமை காலை அவளும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள். கண்ணுக்கு மருந்து விடுவார்கள், துணைக்கு ஆள் வேண்டும் என்று டிப்போ கடிதத்திலேயே போட்டிருந்தது. வாசலில் கழுவ விட்டிருந்த பஸ்களுக்கு நடுவே இருந்து ஒருவர், "என்ன பதினேழு, வீட்டுக்காரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றீங்க, பள்ளிக்கூடத்துல சேக்கவா?" என்று கத்தினார். "டீச்சர்கிட்ட கேளுங்க" என்றார் இவர். கையை மட்டும் விடவில்லை.

மருத்துவ அறை வாசலில் ஒரு நீள பெஞ்சு. அவர் உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்தது. அட்டை தொங்கும் சுவர் அவளுக்குத் தெரிந்தது. ஏழு வரி. அதே எழுத்துகள். அவள் கேட்டபடியே எல்லாம் இருந்தது. நர்ஸ்கூட அவசரத்தில்தான் இருந்தார்.

"இடது கண்ணை மூடிக்குங்க. மேலேருந்து படிங்க."

முதல் வரி. இரண்டாவது. மூன்றாவது. அவள் சொல்லிக்கொடுத்த அதே தாளத்தில் வந்தது. மடியில் கிடந்த கைகளை ஒன்றோடொன்று கோத்து இறுக்கிக்கொண்டாள். ஆண்டவரே என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்காமலே விட்டாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"டி" என்றார் அவர். நின்றார்.

"ம், சொல்லுங்க."

"சிஸ்டர், நான் இதைப் பாத்துச் சொல்லல. எல்லாம் மனப்பாடம்."

பேனா மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. "என்ன சொல்றீங்க?"

"ஏழு வரியும் தெரியும். அடியில பொடி எழுத்துல அச்சகத்துப் பேரு இருக்கு, பக்கத்துல நம்பர். அதுவும் தெரியும்." இரண்டையும் சொன்னார்.

நர்ஸ் எழுந்து அட்டைக்குப் பக்கத்தில் போய், குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்தபோது அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "இதை இங்க உக்காந்து கழுகுகூடப் படிக்க முடியாதுங்க."

"என் வீட்ல பாடம் எடுத்தவங்க அவ்வளவு கண்டிப்பு." சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து மேசையில் வைத்தார். "வேற அட்டை இருந்தா மாட்டுங்க. எனக்கு எவ்வளவு தெரியுதோ அதை எழுதுங்க."

நர்ஸ் தாளைப் பிரித்துப் பார்த்தார். "எழுதினா அது மேல போயிடும். திருப்பி வாங்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சிஸ்டர்."

பீரோ திறக்கும் சத்தம், எதையோ தட்டித் தூசி போக்கும் சத்தம். சுருட்டி வைத்திருந்த புது அட்டை விரிய மறுத்துத் திரும்பத் திரும்பச் சுருண்டுகொண்டது. நர்ஸ் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் நாற்காலியில் இருந்தபடியே வாசல் பக்கம் திரும்பினார். இடது உள்ளங்கை நல்ல கண்ணை இன்னும் மூடியிருந்தது. நேராக அவளைப் பார்த்தார். அவள் அங்கே இல்லாததுபோல் அந்தக் கண் கடந்து போயிற்று. பிறகு, ஏழு மாதமாகப் பழகிய விதத்தில், தலையை மெல்ல ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்வையின் ஓரத்தில் அவளைத் தேடத் தொடங்கினார்.

அவள் கூப்பிடவில்லை. கை ஆட்டவில்லை. அவர் தேடி வந்து சேரும்வரை, பெஞ்சின் நடுவில், இருந்த இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.