எரியாத புத்தகம்

சவப்பெட்டிக்குள் வைக்கச் சொல்லி ஃபுசாயோ நீட்டிய புத்தகத்தை, ஈமச்சடங்கு நடத்த வந்த ஹிராட்சுகா இரு கைகளாலும் வாங்கினார். அதன் கனம் தெரிந்ததும் அதே மரியாதையோடு திருப்பி நீட்டினார்.

"மன்னிச்சுக்கணும்மா. இவ்வளவு தடியான புத்தகம் முழுசா எரியாது. சாம்பல் பறந்து எலும்பு மேல ஒட்டிக்கும், அப்புறம் நீங்க பொறுக்கும்போது சிரமம். ரெண்டு மூணு பக்கம் கிழிச்சுக் குடுங்க, வெச்சிரலாம்."

"எவ்வளவு நேரம் இருக்கு?" என்றாள் மகள் மினோரி.

"பத்து நிமிஷத்துல பெட்டியை மூடணும்."

ஃபுசாயோ புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கணவர் முனேகாஸுவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவரிடம் நீச்சலைப் பற்றியே நான்கு தட்டு புத்தகங்கள் இருந்தன. தாங்கள் ஏன் நீந்துகிறோம் என்று முப்பது பேர் எழுதிய இதைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். ஒருமுறை இதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டாள் என்று அரைநாள் பேசாமல் இருந்தார். இப்போது கிழிக்கச் சொல்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை பல் மருத்துவரிடம் காத்திருந்த நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தி, "கடல்லயா?" என்றார்கள். "இல்ல, பல் டாக்டர்கிட்ட" என்று பதினேழு பேருக்குச் சொல்லிவிட்டாள். எண்ண முடிந்தது. அழத்தான் முடியவில்லை.

முப்பத்தாறு வருஷமாக ஞாயிறு காலைகளில் அவர் கடலுக்குள் போவார். நீந்தத் தெரியாத அவள் கரையில் நீலத் துண்டோடு நிற்பாள். கல்யாணமான புதிதில், "தண்ணிக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டாள். "படிச்சுப் பாரேன்" என்று அலமாரியைக் காட்டினார். தன்னைக் கரையில் விட்டுவிட்டுப் போகிற இடத்தைப் பற்றித் தான் ஏன் படிக்க வேண்டும் என்று அன்றைக்கு ஏறிய வீம்பு இறங்கவே இல்லை. அந்தத் தண்ணீரில் தனக்கு இடமில்லை என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"ஏதோ ஒரு பக்கத்தைக் கிழியேன், ஃபுசாயோ" என்றாள் நாத்தனார் தோகியே. "அவன் என்ன அங்க போய்ப் பரீட்சையா எழுதப் போறான்?"

மினோரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புத்தகம் தானாகவே ஓரிடத்தில் திறந்துகொண்டது. ஜலசந்திகளை நீந்திக் கடந்த ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'நீரில் நான் முழுத் தனிமையில் இருக்கிறேன். எனக்கு யாரும் தேவையில்லை. அதுதான் நீச்சல்.'

ஓரத்தில் பென்சிலால், அவருடைய பொடி எழுத்தில்:

'எனக்கு அப்படி இல்லை. திரும்பும்போது நீலத் துண்டு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் வருகிறேன்.'

ஃபுசாயோ இரண்டு முறை படித்தாள். பென்சில் மங்கியிருந்தது. எழுதி வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும்.

தோளுக்குப் பின்னாலிருந்து மினோரியும் படித்துவிட்டாள். "அம்மா... இந்தப் பக்கத்தையே வைங்கம்மா."

ஃபுசாயோ புத்தகத்தை மூடினாள்.

"வாசல் கம்பியில நீலத் துண்டு தொங்குது. எடுத்துட்டு வா."

"அந்தப் பழந்துணியா?" என்றாள் தோகியே. "ஊரே பாக்குது. புதுசா ஒண்ணுகூடவா இல்ல உன் வீட்டுல?"

"அதுதான் வேணும், அண்ணி."

ஹிராட்சுகா துண்டின் ஓரத்தை விரல்களால் தேய்த்துப் பார்த்தார். "பருத்திதான். நல்லா எரியும்."

அவள் அதை மடிக்கவில்லை. வெள்ளைச் சாமந்திகளை ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதுபோலவே அவர் தோள்களைச் சுற்றிப் போர்த்தினாள். கழுத்துப் பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

மதியம் சுடுகாட்டில், எரிந்து முடிந்ததும், முறைப்படி தாயும் மகளுமாக ஆளுக்கொரு ஜோடி குச்சியால் ஓர் எலும்பைச் சேர்ந்து தூக்கிக் கலயத்தில் இட்டார்கள். "சுத்தமா வந்திருக்கு" என்றார் அங்கிருந்த பணியாள். எலும்புகள் வெள்ளையாக இருந்தன. துண்டின் சுவடே இல்லை.

வீட்டு வாசலில் மினோரி, சாவுத் தீட்டுக் கழிய, வழக்கப்படி உப்புப் பொட்டலத்தைப் பிரித்து அம்மாவின் தோள்களில் தூவினாள்.

"தட்டி விட்டுட்டு உள்ள வாங்கம்மா."

கறுப்பு உடையில் உப்பு அப்படியே நின்றது. ஃபுசாயோ செருப்பைக் கழற்றினாள். கதவருகே இருந்த கம்பியை நோக்கி அவள் கை தானாகப் போனது. கம்பி காலியாக இருந்தது.

"அம்மா?"

"நீ போ, வர்றேன்."

கை கம்பியிலேயே இருந்தது.